நாக்குக்கு ஒரு நோன்பு

அவளுடைய அழகு நிலையத்துக்கு வாசலில் அழகான பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'ரேடியோ கடை' என்றுதான் சொல்வார்கள். ரேடியோ என்பது அவள்தான். புருவம் திருத்த உட்கார்ந்தால் போதும், இடது புருவம் முடிவதற்குள் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள் என்று தெரிந்துவிடும். வலது புருவம் முடிவதற்குள் அது ஏன் தட்டிப்போனது என்பதும் தெரிந்துவிடும். மனசில் கள்ளம் கிடையாது. வாய்தான் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமான திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. மாதா கோயில் பீடத்துக்குப் பக்கத்தில், பச்சைத் தழை வளையத்தில் முதல் ஊதா மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுச் சாமியார் பிரசங்கம் வைத்தார்.

"வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்க, திரைச்சீலை மாத்துறீங்க. பிறக்கப்போறவர் திரைச்சீலையப் பாக்கவா வர்றார்? உள்ளுக்குள்ள கொஞ்சம் இடம் ஒழிச்சு வைங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஏதாவது ஒண்ணை கிறிஸ்துமஸ் வரைக்கும் விட்டுத்தான் பாருங்களேன்."

சாமியார் தன்னையே பார்த்துச் சொன்ன மாதிரி அவளுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் அறிவித்தாள். "இனிமே கிறிஸ்துமஸ் வரைக்கும், எதிர்ல இல்லாதவங்களப் பத்தி நான் பேசவும் மாட்டேன், கேக்கவும் மாட்டேன்."

புருஷன் பிளம்பர். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவனுக்குப் புரையேறியது. "அப்ப கடைய மூடிடப் போறியா?"

மறுநாள் முதல் வாடிக்கையாளர்கள் குழம்பிப்போனார்கள். "உடம்பு சரியில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி வீட்டில் சண்டையா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஆசையோடு காத்திருந்தாள். ரேடியோ வெயிலைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள். அது தீர்ந்ததும் ஷாம்புவைப் பற்றிப் பேசினாள். அதுவும் தீர்ந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டு கத்தரியை மட்டும் ஓட்டினாள்.

அப்போதுதான் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் சும்மா இருந்தால், நாற்காலியில் இருப்பவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அதுவும் அடுத்தவர் கதையை அல்ல, தங்கள் கதையை. பேங்கில் வேலை பார்க்கிற பெண் தனக்குத் தனியாக வீட்டில் இருக்கப் பயம் என்று சொன்னாள். எத்தனையோ வருஷமாக அவளுக்கு முடிவெட்டுகிறோம், இது தெரியாமல் போயிற்றே என்று ரேடியோவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது வாரம்தான் சோதனை வந்தது. அவளுக்கு ஒரு நாத்தனார், புருஷனின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. கொஞ்ச காலமாக அந்த நாத்தனார் முடிவெட்ட இங்கே வராமல், பஸ் ஸ்டாப் பக்கத்துப் புதுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சொந்தத் தம்பி பெண்டாட்டி கையில் கத்தரி இருக்கும்போது! ரேடியோ இதைச் சொல்லாத ஆளில்லை. அது நாத்தனார் காதுக்கும் போய், பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோனது. கோயிலில்கூட ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள்.

மருந்துக்கடையில் வேலை செய்கிற அம்மாள் அன்றைக்குத் தலைக்குச் சாயம் போட வந்திருந்தாள். பாதிச் சாயத்தில், கண்ணாடி வழியாக ரேடியோவைப் பார்த்தாள்.

"உங்க நாத்தனார் ஏன் இங்க வர்றதில்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க கடைக்கு மருந்துச் சீட்டோட வந்தாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க."

ரேடியோவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை மண்டைக் குடைச்சல்!

"வேண்டாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் கேக்கறதில்ல."

"அட, உங்க வீட்டு விஷயம்தானே?"

"அவங்க இங்க இல்லியே."

அந்த அம்மாள் விடுவதாக இல்லை. "ஒண்ணுமில்ல, அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். ரேடியோ சட்டென்று அவள் தலையைத் தொட்டியில் சாய்த்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். சாயம் ஊறுவதற்குள் கழுவியதில் நிறம் கொஞ்சம் செம்பட்டையாக வந்தது. நல்ல வேளை, அந்த அம்மாளுக்கு அது பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருந்துச் சீட்டா? என்ன மருந்து? தட்டின் முன்னால் அவள் தனக்குத்தானே முணுமுணுத்ததிலேயே புருஷனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அக்காகிட்டயே போய்க் கேளு," என்றான் புருஷன்.

"அவங்ககிட்டயா?"

"ஆள் எதிர்ல இருந்தா பேசலாம்னுதானே உன் சட்டம்?"

மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு என்று இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். அன்று மத்தியானம் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"சுத்தி வளைக்காம கேக்கறேன் அண்ணி. உங்களுக்கு என்ன பண்ணுது?"

நாத்தனார் தலைத் துணியை அவிழ்த்தாள். காதுக்கு மேலும் உச்சியிலும் முடி வட்டம் வட்டமாகக் கொட்டியிருந்தது.

"புழுவெட்டு. வளர்ந்துடும்னுதான் டாக்டர் சொல்றார். அந்தக் கடைப் பொண்ணு வாயே திறக்க மாட்டா. அதான் அங்க போனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"உன்கிட்டயா?"

நாத்தனார் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. ரேடியோவுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நாத்தனார் தலையை உற்றுப் பார்த்தாள்.

"யாரு அண்ணி இப்படி வெட்டினது? வகிடு இந்தப் பக்கமா எடுக்கறது? மறைக்கறதுக்குப் பதிலா காட்டிக்கொடுக்குதே!"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் வந்துவிட்டது.

மறுநாள் கடைக்கு விடுமுறை விட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, ரேடியோ பார்த்துப் பார்த்து வெட்டினாள். வகிட்டை மாற்றி, முன்முடியைத் தழையவிட்டாள். பேசியதெல்லாம் நாத்தனார்தான். ராத்திரி தலையணையில் முடியைப் பார்த்துப் பார்த்துப் பயந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

அந்த வாரமே மருந்துக்கடை அம்மாள் புருவம் திருத்த வந்தாள். "நாத்தனாரப் போய்ப் பாத்தீங்களாமே? என்ன சொன்னாங்க?"

"கண்ண மூடுங்க," என்றாள் ரேடியோ.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை, சாமியாரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலில் நீண்ட வரிசை. நாத்தனாரும் அவளும் சேர்ந்தே போய் நின்றார்கள். முறை வந்ததும் நாத்தனார் ஒதுங்கி வழிவிட்டாள். "நீ முதல்ல போ. உனக்குத்தான் நேரமாகும்."

ஆனால் ரேடியோ சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள். நாத்தனார் உள்ளே போனவள் போனவள்தான். ரேடியோ முழந்தாளிட்டுத் தன் செபத்தை முடித்தாள், உட்கார்ந்தாள், பீடத்து வளையத்தைப் பார்த்தாள். கடைசியில் நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்படி என்னதான் சொன்னீங்க இவ்வளவு நேரம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரேடியோ அதை அப்படியே விழுங்கிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.