யாரு வந்திருக்கீங்க?

இரண்டு வருடம் உட்கார்ந்து நாற்பது பக்க விதிப்புத்தகம் எழுதியவள் நான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டி ஆடுகிற மாயாஜால விளையாட்டு. முழுக்கத் தமிழ். அதைத்தான் போன ஞாயிறு மதியம் என் திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில், வாராவாரம் எங்களோடு ஆட வருகிற ஸ்ரீநாத் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"ஒரு ஆட்டம் பாப்போம் தீபிகா. சொதப்பிச்சுன்னா அடுத்த வாரம் பழையபடி என் இங்கிலீஷ் ரூல் புக்குதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் காபி கொடுத்தேன்.

என் விளையாட்டில் மந்திரம் இரண்டு வகை. மந்திரவாதிக்கு உடம்பிலேயே பத்துப் புள்ளி சக்தி உண்டு, செலவழித்தால் தீர்ந்தது. சாமியாடிக்குச் சொந்தச் சக்தி கிடையாது. ஆவி அவர்மேல் இறங்கி வேலை செய்யும். ஸ்ரீநாத் மந்திரவாதி. சேக்காட்டிலிருந்து வந்திருந்த என் ஆபீஸ் நண்பன் வேம்புலி சாமியாடி. கதை சொல்வது நான்.

கதைப்படி ஒரு பூதம் ஏரிக்கரையை உடைத்துக்கொண்டிருந்தது. கீழே ஊர். ஸ்ரீநாத் மின்னல், நெருப்பு என்று காட்டு காட்டென்று காட்டி ஒன்பது புள்ளியைத் தீர்த்தான். பூதம் அசையவில்லை. வேம்புலி பகடையை உருட்ட, ஆவி இறங்கியது.

"பூதத்த அடிக்கச் சொல்லி ஆர்டர் போடு!" ஸ்ரீநாத் கத்தினான். விதியும் அப்படித்தான் இருந்தது. பக்கம் பதினேழு, 'ஆவிக்குக் கட்டளையிடுதல்'.

வேம்புலி என்னை முறைத்தான். "இன்னா தீபிகா இது? சாமி வந்தா யாராச்சும் வேல ஏவுவாங்களா? யாருன்னு கேக்கணும், இன்னா வோணும்னு கேக்கணும். எம்மேல வந்துகீது, நானே எப்டி கேப்பேன்? ஸ்ரீநாத் மச்சான், நீதான் கேக்கணும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மொழிதான் தமிழ், விதி எங்கேயோ படித்தது. பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தை அவர்கள் எதிரிலேயே கோடு போட்டு அடித்தேன்.

ஸ்ரீநாத் தயங்கினான். பிறகு தானாகவே எழுந்து நின்றான். "யாரு வந்திருக்கீங்க?"

"இந்தக் கரைய காக்குறவ." வேம்புலியின் குரல் கனத்திருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்மா?"

"உங்கைல ஒண்ணு மிச்சம் கீதே. அத்த குடு."

ஸ்ரீநாத் என்னைப் பார்த்தான். "குடுத்தா என் ஆளு வெறும் மனுசன் ஆயிடுவான்."

"ஆமா" என்றேன்.

ரப்பரை எடுத்துக் கடைசிப் புள்ளியை அழித்தான். கரைக்காரி பூதத்தைக் காலைப் பிடித்து ஏரிக்குள் இழுத்துப்போனாள். ஊர் பிழைத்தது. நான் கேட்காமலே விதி பிறந்து என் கண் முன்னால் நின்றது. 'கேட்டுக் கொடுத்தல்' என்று தலைப்பு எழுதினேன்.

"இது எந்த புக்குல இருக்கு? என்னோடதுல இல்லையே" என்றான் ஸ்ரீநாத்.

"எங்க புக்குல இருக்கு." பெருமையாகத்தான் சொன்னேன், அதிலென்ன தப்பு?

அவன் என் நாற்பது பக்கத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "அடுத்த வாரம் நாந்தான் சாமியாடி. இப்பவே சொல்லிட்டேன்."