ஆறாவது எண்

"இந்த நம்பர் இதுக்குள்ள எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கறேன்..."

"சாம்பார் ஆறுது, முதல்ல எழுந்து வாங்க..."

"சாம்பாரை விடு. ரெண்டு ஆறு ஒண்ணு நாலு. இது யாரு நம்பர்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியுதில்ல, அப்புறம் என்னத்துக்குக் கேக்கறீங்க?"

டேனியல் விரலால் திரையைத் தட்டிக் காட்டினார். மனைவி ஜெஸ்ஸி கையில் கரண்டியோடு நின்றாள். அதை எதற்கு எடுத்து வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. மேசைமேல் லேப்டாப் திறந்து கிடந்தது. வரி இலாக்காவின் பக்கம், முன் எண்களையெல்லாம் நட்சத்திரம் போட்டு மறைத்துவிட்டு, கடைசி நாலை மட்டும் காட்டி, இந்த எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ரெண்டு ஆறு ஒண்ணு நாலு அவருடைய டோக்கன் எண். லாலாகுடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்து மூன்று வருஷம் அந்த எண்ணோடுதான் வாசல் தாண்டி உள்ளே போனார். மகள் சபீனா காலேஜில் சேர்ந்தபோது, அதே நாலு எண்ணில் முடிகிற சிம்தான் வேண்டும் என்று செகந்திராபாத்தில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தார். அப்பாவுக்கு வரிக்கணக்குத் திறந்து கொடுத்தவளும் அவள்தான். அப்போது அவர் வைத்திருந்த போனில் ஒரு மெசேஜ் ஒழுங்காக வராது. அதனால் தன் நம்பரையே போட்டுவிட்டாள்.

அந்த சபீனா நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். அதே ஆட்டோவில் அவளைத் திருப்பி அனுப்பினார் டேனியல். கொஞ்சம் பொறுத்துப் போ, எல்லாரும் அப்படித்தான் என்றார். அவள் அந்த வீட்டுக்கும் போகவில்லை, இந்த வீட்டுக்கும் வரவில்லை. அல்வாலில் தனியாக ஓர் அறை பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். இந்த மெட்டுகுடா வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக் கூடிய தூரம்தான். ஆனால் நம் பேச்சை மதிக்காதவளோடு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சு கிடையாது என்று சொல்லி, முன்னறைச் சிலுவைக்கு முன்னால் ஜெஸ்ஸியைச் சத்தியம் பண்ண வைத்துவிட்டார்.

ஜெஸ்ஸி சத்தியத்தை மீறுகிறவள் இல்லை. ஆனால் வருஷா வருஷம் ஜூலையில் இண்டர்நெட் கடைப் பிரசாத் கணக்குத் தாக்கல் பண்ணும்போது, கோடு சொல்லுங்க ஆன்ட்டி என்று கை நீட்டுவான். கோடு என்றால் அந்த ரகசிய எண். அது போய் இறங்குவது சபீனாவின் போனில். முதல் வருஷம் கடை வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தாள். கோடு கேட்பது கவர்மெண்டு வேலை, கவர்மெண்டு வேலை பேச்சில் சேராது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கூப்பிட்டாள். அந்தத் தடவை ரெண்டே நிமிஷம். மறு வருஷம் இருபது ஆயிற்று. போன ஜூலையில், கோடு சரியா விழலடி, இன்னொண்ணு கேட்டிருக்கான் என்று பொய் சொல்லி மூன்று தடவை வரவழைத்தாள். பிரசாத் வேலையை முடித்து அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். இவள் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று, கோர்ட்டில் கேஸ் முடிந்தது, கடைவாய்ப் பல் பிடுங்கியது, ஸ்கூட்டி வாங்கியது என்று ஒரு வருஷத்துச் சேதியையும் கேட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினாள்.

இப்போது அதற்குத்தான் ஆபத்து வந்திருந்தது. இந்த மாதக் கடைசியோடு பழைய லாகின் செத்துவிடும், இனி அவரவருக்கு அவரவர் முகம், அவரவர் நம்பர் என்று வரி இலாக்காவிலிருந்து மெசேஜ் வந்தது. அந்தப் பிரசாத் கடையில் போய்க் காத்துக் கிடக்கவேண்டாம், நம்மளே பண்ணிக்கலாம் என்று டேனியலுக்கு ஒரே குஷி. ஜெஸ்ஸிக்கு மூன்று வாரமாக உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. துடைத்த அடுப்பையே துடைத்தாள். நெட் மெதுவாக இருக்கிறது என்றாள், பிரசாத் ஊரில் இல்லை என்றாள், அவர் மூக்குக்கண்ணாடியை ரெண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். இன்று அவர் ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, கேமரா முன்னால் போய் உட்கார்ந்தே விட்டார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். முகம் சரி என்றது. அடுத்து, பழைய நம்பர் கடைசியாக ஒரு தடவை சம்மதம் சொல்லவேண்டும் என்று கேட்டது.

"எத்தனை தடவை பேசின?"

"நாலு ஜூலை. நாலே தடவை."

"சத்தியம் பண்ணியே."

"பேசமாட்டேன்னுதான் பண்ணேன். கோடு கேக்கமாட்டேன்னு பண்ணலை."

கோபம் வந்தால் அவருக்கு ஒர்க் ஷாப் இந்தி வந்துவிடும். ஏன், ஏன் என்பதைக் கைக்கு, கைக்கு என்று சுவரைப் பார்த்து ரெண்டு தடவை கேட்டார். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார். நாள் தப்பினால் ஆபீசில் போய்க் காகிதத்தோடு வரிசையில் நிற்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். கடைசியில், கூப்பிடு, ஸ்பீக்கரில் போடு, கோடு மட்டும் கேள், வேறே எதுவும் நக்கோ, வேண்டாம் என்றார்.

கோடு அனுப்பு என்பதை அவர் அழுத்தினார். ஜெஸ்ஸி போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் சபீனா.

"என்னம்மா, ஜூலை இன்னும் வரலையே?"

டேனியல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெஸ்ஸி ஆபீஸ் கிளார்க் மாதிரி விஷயத்தைச் சொன்னாள். புது முறை வந்திருக்கிறது, இனி அப்பா நம்பர்தான், இதுதான் கடைசிக் கோடு. அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது. அப்புறம் இன்னொன்று.

"அப்ப இந்த சிம் இனி வேணாம், இல்லம்மா? இதுக்காகத்தான் விடாம ரீசார்ஜ் பண்ணிட்டிருக்கேன்."

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்கு என்ன சொல்வது? கோடு வந்துச்சா என்று மட்டும் கேட்டாள் ஜெஸ்ஸி. வந்திருந்தது. சபீனா ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். ஜெஸ்ஸி காலண்டரில் ஒரு தாள் கிழித்து எழுதிக்கொண்டாள். ஆறும் ஆனதும் சபீனா வைத்துவிட்டாள்.

திரையில் நிமிஷம் இறங்கிக்கொண்டிருந்தது. டேனியல் வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு, சொல்லு என்றார்.

காலண்டர் தாளில் எழுதியதைப் பார்த்து ஜெஸ்ஸி வாசித்தாள். ஏழு. பூஜ்யம். மூணு. மறுபடி மூணு. எட்டு. அவர் ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினார். அதற்கப்புறம் அவள் தாளை நாலாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஆறாவது?"

"சொல்றேன். அடுத்த ஜூலைக்கு எதைச் சொல்லி அவளைக் கூப்பிடறதுன்னு முதல்ல நீங்க எனக்குச் சொல்லுங்க."