மூன்று வளைவு

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் யாராவது பஸ் ஏறிக் கீழே போனால், பிள்ளைகள் நாங்கள் காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் குதித்தோடுவோம். பஸ் சுற்றிக்கொண்டு வருவதற்குள் முந்திப் போய், அடுத்தடுத்த மூன்று வளைவுகளிலும் நின்று கையாட்டுவோம். மூன்றிலும் முகம் பார்த்துவிட்டால் போனவர் சீக்கிரம் திரும்பி வருவார் என்று நம்பிக்கை. நானும் என் தங்கை தேவகுமாரியும் ஒரு பஸ்ஸையும் விட்டதில்லை. முட்டியில் ரத்தம் வழிய நின்றாலும் பஸ்ஸை ஜெயித்த அந்தச் சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எனக்குப் பிறகு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் மகள் கவிப்பிரியா அப்படி ஓடியது ஒரே ஒரு தடவை. அப்போது எட்டு வயது. அத்தையை வழியனுப்ப ஓடியவளை முதல் வளைவிலேயே பிடித்து முதுகில் ஒன்று வைத்தேன்.

"இந்த நேரத்துக்கு நாலு கணக்குப் போட்டா உருப்படுவே. மத்த புள்ளைங்க எல்லாம் எங்கியோ போயிட்டு இருக்குது" என்றேன்.

வாய்ப்பாட்டைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன். பெரிய புத்திசாலி நான்.

உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை. இப்போது சேலத்தில் நீட் கோச்சிங், இரண்டாம் தடவை. அவளுக்குச் சமைத்துப்போட என் மனைவி மேனகாவும் அங்கேயே வாடகை அறையில் இருக்கிறாள். மலையில் நான் ஒருவன். மிளகுக் கொடியோடு பேசினால் பதிலா சொல்லும்?

போன வாரம் சாதிச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஒன்றரை நாள் இருந்தாள். என்னிடம் பேசியதெல்லாம், "இதுல கையெழுத்துப் போடுங்கப்பா", "சார்ஜர் எங்கீங்க" அவ்வளவுதான். அவளுக்கென்று பறித்து வைத்த கொய்யாப்பழம் பையிலேயே கிடந்து கனிந்து போனது.

சனிக்கிழமை காலை பஸ் ஏற்றிவிட்டேன். உள்ளே முழுக்க சுற்றுலா வந்தவர்கள்.

"ஜன்னலோரமா உக்காரு கண்ணு."

"செரிங்கப்பா."

பஸ் நகர்ந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். வயது நாற்பத்தேழு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! ஆனாலும் ஓடினேன். அவள் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

முதல் வளைவில் நான்தான் முந்தினேன். ஜன்னலோரம்தான் இருந்தாள். மடியில் புத்தகம், குனிந்த தலை. கையாட்டினேன். பஸ் போய்விட்டது.

இரண்டாவதில் துண்டை எடுத்து வீசினேன். யாரோ சிரித்தார்கள். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

மூன்றாவதற்கு வரும்போது வழுக்கி விழுந்து, எழுந்து, மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்குமாக இழுத்தது. "கண்ணு!" என்று கத்தினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். முன் சீட்டில் ஒரு குழந்தை டாட்டா காட்டியது. நான் அதற்குத்தான் கையாட்டினேன், வேறு யாருக்கு ஆட்டுவது? பஸ் மறைந்த பிறகும் ரோட்டோரக் கட்டையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது.

மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"அப்பா, வந்து சேந்துட்டேனுங்க. பஸ்ஸுல ஒரு கூத்துங்கப்பா. யாரோ ஒருத்தரு மூணு வளைவுலயும் வந்து நின்னு துண்ட ஆட்டுனாராமா. பக்கத்துல இருந்த அக்கா சொன்னாங்க. நான் பிசிக்ஸ் கணக்குப் போட்டுட்டு இருந்தேனுங்களா, பாக்கலீங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பாவமுங்கப்பா. யாரைப் பாக்க அப்படி ஓடி வந்தாரோ, அவங்க ஒருக்கா தலையத் தூக்கிப் பாத்திருக்கலாம்."

முட்டியில் காய்ந்திருந்த ரத்தத்தைத் தடவிக்கொண்டே, "அவங்களுக்கு என்ன வேலையோ கண்ணு" என்றேன். "நீ போயிப் படி."