ஐந்து மணி மருந்து

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் மாலை ஐந்து மணிக்கே இராத்திரி வந்துவிடும். யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் கெடுபிடி கூடுமுன் வத்தளை பஸ்ஸைப் பிடிக்க உதவியாள் றோஸி ஓடிவிடுவாள். பிறகு மேல்மாடி முழுவதற்கும் தாதி ஜெகதீஸ்வரி ஒருத்திதான். ஆகவே வயதான நோயாளிகளுக்கெல்லாம் அந்நேரமே நித்திரை மருந்து. அங்கே அது பழகிப்போன ஏற்பாடு.

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த இரத்தினசிங்கம் மருந்தைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொண்டார்.

“பிள்ளை, இண்டைக்கு மட்டும் வேண்டாம். ஆறு மணிக்கு மகள் போன் எடுப்பாள். போனமுறையும் நித்திரையாப் போனன்.”

மகள் வவுனியா அகதி முகாமில் இருந்தாள். வெளியே போகப் பாஸ் கிடைத்தால்தான் டவுனுக்கு வந்து போன் எடுக்கலாம். ஜெகதீஸ்வரிக்கு இது தெரியாததல்ல. ஆனால் போன மாதம் மருந்து குடிக்காத ஒரு அம்மா தனியே எழும்பி விழுந்தபோது, கவனமில்லாதவள் என்று முதலாளி டொக்டரிடம் வாங்கிக்கட்டியவள் அவள்தான். சூடு கண்ட பூனை!

“குடியுங்கோ ஐயா, நான் எழுப்பிவிடுறன்,” என்றாள். பொய் என்று அவளுக்கே தெரியும்; அந்த மருந்து குடித்தவர் இலேசில் எழும்பமாட்டார்.

ஆறு மணிக்குப் போன் அடித்ததும் ஓடிவந்து அவரை உலுக்கினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். அவர் கண் திறக்கவில்லை.

“அப்பாவுக்குக் கடுமையோ, மிஸ்? என்னட்ட மறைக்கிறீங்களோ?” போனில் மகள் அழுதாள்.

பாவி நெஞ்சு பொறுக்கவில்லை. “கடுமையில்லைத் தங்கச்சி. நாங்கள்தான் மருந்து குடுத்துப் படுக்க வைச்சனாங்கள்.”

“இனி எப்ப பாஸ் தருவாங்களோ தெரியாது…” லைன் அறுந்துவிட்டது.

காலையில் முதலாளி டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கொதித்தார்.

“ஆஸ்பத்திரி விசயத்தை வெளியில சொல்ல உமக்கு ஆர் அதிகாரம் தந்தது?”

“அந்த மருந்து அவையின்ர நோய் வருத்தத்துக்கில்லை, டொக்டர். எங்களிட்ட ஆளில்லாத குறைக்குக் குடுக்கிறம். இனி நான் குடுக்கமாட்டன். வேலையால நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ.”

அன்று மாலை அவள் ஒருவருக்கும் நித்திரை மருந்து கொடுக்கவில்லை. இவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று டொக்டரே மேலே வந்து நின்றார். ஒருவர் தண்ணீர் கேட்டார். அதற்குள் இன்னொருவர் சேலைனைப் பிடுங்கினார். மூன்றாமவர் கட்டிலால் இறங்கப்போனார். பிடிக்க ஓடியவர் டொக்டர்தான். வேர்த்துக் கொட்டிவிட்டது மனுசனுக்கு. இரத்தினசிங்கம் மட்டும் விழித்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவேயில்லை.

டொக்டர் ஜெகதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“ஒராளால ஏலாத வேலையை ஒராளின்ர தலையில கட்டிப்போட்டு, பிறகு இரக்கமில்லை, கவனமில்லை எண்டு அவளையே பேசுறது அநியாயம், மிஸ். பிழை என்ரதான். நாளையில இருந்து பின்னேரத்துக்கும் ரெண்டு பேர் நிப்பினம்.”