முதுகில் ஊசியா, முழு மயக்கமா

மயக்க மருந்து டாக்டரான அவருக்குத் தன் தொழிலே பயத்தைக் கொடுத்தது, மனைவியின் இடுப்பெலும்பு முறிந்தபோதுதான்.

அவள் ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவள். குளியலறையில் வழுக்கி விழுந்து வலியில் துடித்த நேரத்திலும், ஆம்புலன்ஸ் கதவிலிருந்த எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டியவள்.

"முதுகுல ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வச்சுடலாம்" என்றார் அவர்.

"ஐயோ, எலும்புல அடிக்கிற சுத்தியல் சத்தமெல்லாம் காதுல விழும். என்னைத் தூங்க வச்சுடுங்க. வீட்டுல பேசியே தூங்க வைக்கிறவர்தானே நீங்க!"

சிரித்துக்கொண்டே சம்மதித்தார். சொந்த மனைவி என்பதால் மயக்க மருந்து கொடுக்க டாக்டர் நண்பரை அழைத்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்டர், எங்க வீட்டுக்காரர் வெளிய நிக்கிறாரா? சாப்பிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

அந்தக் குழப்பம் சில நாளில் தெளிந்தது. நடக்கவும் ஆரம்பித்தாள். மறுபடி வேலைக்கு உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வரியின் கடைசிக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் அவளுக்கு நழுவிப்போனது. பதிப்பகத்தார் அவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம் பாத்த பக்கத்துல நிறைய பிழை சார்."

அதன்பின் அவள் பார்த்து முடித்த பக்கங்களை, அவள் கண்ணயரும் மதியங்களில் அவரே ரகசியமாகத் திருத்தினார்.

ஊரிலிருந்து வந்த மகள் வெடித்தாள். "முதுகுல போட்டிருந்தா அம்மா இப்படி ஆகியிருக்க மாட்டாங்கல்லப்பா?"

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் ஆராய்ச்சியெல்லாம் சொல்லுதும்மா. வயசு, விழுந்த அதிர்ச்சி, வலி... எதுன்னு உறுதியா சொல்ல முடியாது."

எத்தனையோ குடும்பங்களிடம் சொன்ன பதில். பொய்யில்லை. ஆனாலும் அவருக்கே அது ஆறுதலாக இல்லை. அன்று கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாமோ என்ற கேள்வி நெஞ்சை அரித்தது.

ஒரு மதியம் அவள் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சும்மா... கொஞ்ச நாள்ல உனக்குச் சரியாயிடும்."

"சரியானா நல்லதுதான். அதுவரைக்கும் என் பேர்ல நீங்க வேலை பாக்க வேண்டாம். இனிமே அனுப்பாதீங்கன்னு சொல்லிடுங்க."

அவள் குரல் உடையவில்லை. பக்கங்களை அடுக்கி அவரிடம் நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"உங்களை யார் குத்தம் சொன்னா?" என்று அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள்.