பாலத்துக்கு மாற்று ஆள்

"மொத்தம் பன்னெண்டு பேரை வேலைக்கு வச்சிருக்கீங்க. செத்தது மூணு. ஓடிப்போனது ஒண்ணு. இப்ப கூட நிக்கிறது ஏழு. மீதி ஒருத்தன் எங்கடா?" என்று அக்கா கேட்டபோது மணி மூன்றரை. டிராகனின் குகைக்கு இன்னும் அரை மைல்தான் பாக்கி.

குகை இருந்தது எங்கள் சாப்பாட்டு மேஜையின் மேல். மூன்று சார்ட் பேப்பர்களை ஒட்டி நான் வரைந்த வரைபடத்தின் மேல்மூலையில், கறுப்பு ஸ்கெட்ச் பேனா தீரும்வரை அடித்து நிரப்பிய ஒரு ஓட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை நாங்கள் ஆடும் விளையாட்டு இது. கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கதவை உடைக்கிறேன், நான் அந்த மரத்தில் ஏறுகிறேன் என்பார்கள். உடைந்ததா, ஏறினார்களா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது நான். விதிகளும் நான் எழுதியவைதான். எனக்குத் தேர்வு அலுவலகத்தில் வேலை. தேர்வறைக்குள் எதையெல்லாம் கொண்டு வரக் கூடாது என்று எழுதி எழுதியே பதினாறு வருஷம் ஓடிவிட்டது. பழக்க தோஷம், விளையாட்டுக்கு விதி எழுத உட்கார்ந்தால் கை நிற்பதில்லை. காவலுக்கும் போருக்கும் கூலிக்கு ஆள் வைப்பது பற்றி மட்டும் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். என் மனைவி மருந்துக் கடை வைத்திருக்கிறாள்; விளையாட்டில் வில்லாளி. கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர். அவருக்கு மந்திரவாதி வேஷம். மூன்றாவது ஆள் எங்கள் தளபதி. லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் கூப்பிடுவதே லிஃப்ட் என்றுதான். அவனுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது, மூன்று வருஷ ஒப்பந்தம். செவ்வாய்க்கிழமை விமானம். ஆகவே இன்றைக்குத்தான் கடைசி ஆட்டம். ஏழு மணிக்கு அவன் கிளம்பியாக வேண்டும்.

அதற்காகவே நான் டிராகனைக் கட்டியிருந்தேன். கட்டியிருந்தேன் என்றால் நிஜமாகவே. மூன்று வாரம், பழைய நாளிதழ், பசை, கம்பி. முழங்கை உயரத்துக்கு, சிவப்புக் கண்ணோடு, படுக்கையறையில் ஒரு துண்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. யாருக்கும் காட்டவில்லை. கட்டில் பக்கமே போக முடியவில்லை என்று மனைவி தினமும் திட்டினாள்.

இவ்வளவு பெரிய சண்டையை ஒற்றை ஆளாக நடத்த முடியாது என்பதால்தான் அக்காவைக் கூப்பிட்டேன். கூலிப்படை ஏழு பேரையும் நீ பார்த்துக்கொள், அவர்களுக்காகப் பேசு, பகடை உருட்டு, அவ்வளவுதான் என்றேன். அவளுக்கு ஞாயிறு வார விடுமுறை. ஒரு பெரிய கடை வளாகத்தின் பின்வாசலில் அவள் செக்யூரிட்டி. சரக்கு வண்டிகள் வருகிற வாசல். பன்னிரண்டு மணி நேர வேலை. "விளையாட்டுலயும் காவல்தானா?" என்று சிரித்தாள், ஆனாலும் வந்தாள். வந்ததும் நான் கொடுத்த கூலி ஆட்கள் நோட்டை, வேலைக்குப் போனதும் டூட்டி ரிஜிஸ்டரைப் படிப்பதுபோல, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷமாக அந்த நோட்டை யாரும் அப்படிப் படித்ததில்லை. எழுதிய நானே படித்ததில்லை.

"நாலாவது வரி. ஈட்டிக்காரன். ஆத்துப் பாலத்துல காவல்னு எழுதியிருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்லையே?"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். மனைவிதான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ அண்ணி. அந்த ஆளை அங்கயே விட்டுட்டோம்."

விட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். ஆட்டம் ஆரம்பித்த புதிதில் ஆற்றைக் கடந்தபோது, பின்னால் யாரும் வராமல் பார்த்துக்கொள் என்று ஓர் ஈட்டிக்காரனைப் பாலத்தில் நிறுத்திவிட்டு முன்னால் போனோம். அப்புறம் கோட்டை வந்தது, சதுப்பு நிலம் வந்தது, ஒரு கல்யாணம்கூட வந்தது. திரும்ப அந்தப் பக்கம் போகவே இல்லை. கதைக்கு நாள்கணக்கு வைத்திருப்பது மனைவிதான். அவள் விரல்விட்டு எண்ணி, பத்தொன்பது மாசம் என்றாள்.

"அவனை நிறுத்தினது யாரு?" என்றாள் அக்கா.

லிஃப்ட் கையைத் தூக்கினான், வகுப்பில் மாட்டிக்கொண்டவன் மாதிரி. "நான்தான்க்கா. ஒரு மணி நேரத்துல வந்துடுறோம்னு சொன்னேன்."

"அவன் எப்பவோ போயிருப்பான், விடுங்க" என்றார் கூரியர்காரர். அவருக்குக் குகைக்குள் போய்விட வேண்டும். நெருப்பைத் தண்ணீராக்கும் மந்திரம் ஒன்றை ஆறு வாரமாகச் சேமித்து வைத்திருந்தார்.

அக்கா என் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். ஒன்பதாவது விதி. காவலுக்கு வைத்த ஆள், மாற்று ஆள் வராமல் இடத்தைவிட்டு நகர மாட்டான். சம்பளமோ செய்தியோ இல்லாமல் கழியும் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவனுடைய விசுவாச எண்ணைத் தாண்டினால் மட்டுமே அவன் ஓடிப்போவான். எழுதியபோது என்ன கச்சிதமான விதி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட விதி அது.

"இவனோட எண் என்ன?" என்றாள்.

சாதாரண ஆளுக்கு ஒன்பது. ஆனால் வேலைக்கு எடுக்கும்போது நம் சொந்தப் பொருள் எதையாவது கொடுத்தால் இரண்டு கூடும். லிஃப்ட் அன்றைக்குக் குளிர் என்று தன் கம்பளியைக் கொடுத்திருந்தான். ஆக, பதினொன்று. பன்னிரண்டு விழுந்தால்தான் ஓடுவான்.

"பத்தொன்பது தடவை உருட்டணும்" என்றாள் அக்கா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "குடுடா பகடையை."

நியாயமாகப் பார்த்தால் நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். ஒரு பன்னிரண்டு விழட்டும், அந்த ஆள் போய்த் தொலையட்டும், நாம் குகைக்குள் போகலாம் என்றுதான் நினைத்தேன். முதல் மாதம் ஏழு. இரண்டாவது மாதம் நான்கு. மூன்றாவது பதினொன்று, கூரியர்காரர் மேஜையைத் தட்டினார். அக்கா உருட்டுகிற விதமே தனி. இரண்டு கையிலும் மூடி, காதருகே கொண்டுபோய்க் குலுக்கி, "நில்லுடா ராசா" என்று சொல்லிவிட்டுப் போடுவாள். எட்டாவது மாதத்துக்கெல்லாம் என் மனைவியும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பத்தாவது மாதம் லிஃப்ட் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினாலாவது மாதத்தில் ஒரு பகடை ஆறில் நின்றது. இன்னொன்று மேஜையைவிட்டு உருண்டு அலமாரிக்கு அடியில் போனது. கூரியர்காரர் தன் வயதையும் முதுகையும் மறந்து தரையில் படுத்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எழவே இல்லை.

"என்ன விழுந்துச்சு?" என்றேன்.

"ஆறு" என்றார் அலமாரிக்கு அடியிலிருந்து.

நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த முட்டாள் ஈட்டிக்காரன் பதினாலு மாதம் நின்றுவிட்டு இப்போது போகிறானே என்று ஏதோ செய்தது.

"மேஜையை விட்டுக் கீழ விழுந்தா செல்லாது" என்றாள் அக்கா அமைதியாக. "ரெண்டாவது பக்கம், அடியில. நீதான் எழுதியிருக்க."

எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் என் விதி ஒன்றை அவ்வளவு ஆசையாக நான் படித்ததில்லை. திரும்ப உருட்டினாள். ஐந்து. கூரியர்காரர் தரையில் இருந்தபடியே கைதட்டினார். மிச்ச ஐந்து மாதமும் ஒன்பதைத் தாண்டவே இல்லை. ஆள் நிற்கிறான்.

அதன்பிறகுதான் சிக்கல். குகையிலிருந்து பாலத்துக்கு எட்டு நாள் பயணம். நடுவில் கொள்ளையர் காடு. அதை ஆடி முடிக்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிராகனும் பாலமும் இரண்டும் நடக்காது, ஏதாவது ஒன்றுதான் என்று சொன்னேன். சொல்லும்போது என் கண் படுக்கையறைக் கதவு மேல் போனதை யாரும் கவனிக்கவில்லை என்று நம்புகிறேன்.

"ஒரு கடுதாசி அனுப்பிடலாமே" என்றார் கூரியர்காரர், தொழில் புத்தி. "டூட்டி முடிஞ்சது, கிளம்புன்னு."

"கடுதாசியைப் பாத்துட்டு வாசலை அப்படியே போட்டுட்டுப் போனா அது வேலையா? ரிலீவர் வரணும். மாத்தி விடுற ஆளா நேர்ல வந்து நிக்கணும்" என்றாள் அக்கா.

"அக்கா, இது விளையாட்டுக்கா" என்றேன். பொறுமை போய்விட்டது எனக்கு. "அவன் நோட்டுல ஒரு வரி."

"நானும் நோட்டுல ஒரு வரிதான்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பேர், வந்த நேரம், போன நேரம். அவ்வளவுதான் நானு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போன மாதம் அவள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம். ராத்திரி டூட்டியில் இருந்த அவளை மாற்றிவிடக் காலை ஆறு மணிக்கு வர வேண்டிய ரிலீவர் பத்தரைக்கு வந்தான். அதுவரை பின்வாசலை விட்டு நகரவில்லை அவள். மகள் இரண்டாவதாக வந்ததைக் கைபேசியில் பார்த்தாள். அதை எங்களிடம் சொன்னபோதுகூட, மகள் எப்படி ஓடினாள் என்பதைத்தான் கைகால் எல்லாம் ஆட்டிக் காட்டினாளே தவிர, நான்கரை மணி நேரம் எப்படி இருந்தது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"போலாம்" என்றான் லிஃப்ட்.

"தம்பி, டிராகன்" என்றார் கூரியர்காரர் பரிதாபமாக.

"நீங்க அடுத்த மாசம்கூடக் கொல்லலாம்ண்ணே. இது நான் சொல்லிட்டு வந்த வேலை. நான் இருக்கும்போதே முடிச்சிடணும்."

குதிரைகளைத் திருப்பினோம். கொள்ளையர் காட்டில் கூரியர்காரர் ஆறு வாரம் சேமித்த மந்திரத்தை ஒரு பந்தத்தை அணைக்கச் செலவழித்தார். அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். ஆறரை மணிக்குப் பாலம் வந்தது. வரைபடத்தின் கீழ்மூலை, மடித்து மடித்துக் கோடு விழுந்த இடம். லிஃப்டுடைய தளபதி ஒரு பித்தளை நட்டு. மனைவியுடையது மருந்துப் புட்டி மூடி. கூரியர்காரருக்கு மட்டும் ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் சிப்பாய். மூன்றையும் பாலத்தின் முன்னால் வைத்தோம். கூலி ஆட்களுக்குப் பேசுவது அக்கா என்பதால் ஈட்டிக்காரனும் அவள்தான்; அவனுக்காகப் பாலத்தின் மேல் ஒரு சட்டைப் பொத்தான்.

லிஃப்ட் தொண்டையைச் செருமினான். எட்டு நாள் வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தான் போல. "அண்ணே, தப்பு என்மேலதான். ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு..."

"அதெல்லாம் இருக்கட்டும் தளபதி" என்றாள் அக்கா. குரல் மாறியிருந்தது. அவள் வாசலில் பேசுகிற குரலாக இருக்க வேண்டும், நான் அதுவரை கேட்டதில்லை. "ரிலீவர் யாரு?"

ஒன்பது பக்கம் விதி எழுதிய எனக்கும் அது தோன்றவில்லை. காடு, கொள்ளையர், எட்டு நாள் பயணம் எல்லாம் சரி, அவனுக்குப் பதில் நிற்க ஓர் ஆளை அழைத்து வரவில்லை.

"அண்ணி, இந்தப் பாலமே இப்ப தேவையில்லையே" என்றாள் மனைவி மெதுவாக. "சண்டை வேற பக்கம் போயிடுச்சு."

"அது எனக்குத் தெரியாதும்மா. பாலம் என் பொறுப்புல இருக்கு. யார்கிட்டயாவது ஒப்படைச்சாத்தான் நான் போக முடியும்."

லிஃப்ட் வரைபடத்தின் மேல் குனிந்தான். பிறகு நட்டை ஒரு விரலால் தள்ளி, பாலத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான்.

"நான் நிக்கிறேன்க்கா. எப்படியும் எனக்கு மூணு வருஷம் வேற வேலை இல்ல இங்க."

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடிக்கும்போது குரல் தடுமாறியது, அவனே அதை எதிர்பார்க்கவில்லை. அக்கா ஒன்றும் கவனிக்காதவள்போலப் பொறுப்பை ஒப்படைக்க ஆரம்பித்தாள். வலது பக்கக் கயிறு நைந்திருக்கிறது, மழைநாளில் யாரையும் சாய விடாதே. மூன்றாவது பலகை ஆடும். சாயங்காலம் ஒரு கிழ நாய் வரும், விரட்டாதே, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அதுவாகப் போய்விடும். இக்கரையில் ஒரு பெண் துணி துவைக்க வருவாள், பேச மாட்டாள், ஆனால் போகும்போது தலையாட்டுவாள், நீயும் ஆட்டு. பத்தொன்பது மாதத்தையும் அவள் அந்த நிமிஷத்தில் கற்பனை செய்தாளா, பின்வாசலிலிருந்து எடுத்துச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டான். கயிறு வலது பக்கமா இடது பக்கமா என்று ஒருமுறை திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

"அவ்வளவுதான். இனி பாலம் உன்னோடது" என்ற அக்கா, எங்கள் பக்கம் திரும்பி, "கிளம்புங்க. போறவங்க திரும்பிப் பாக்கக் கூடாது. நிக்கிறவனுக்குக் கஷ்டமா இருக்கும்" என்றாள்.

ஏழு அடித்து நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. லிஃப்ட் எழுந்திருக்கவில்லை. மனைவி தன் புட்டி மூடியைச் சாலையோடு நகர்த்தி வரைபடத்தின் விளிம்புக்கு வெளியே எடுத்தாள். ஈட்டிக்காரனுக்கு நாங்கள் வைத்திருந்த சட்டைப் பொத்தானை அக்கா நேராக, தயங்காமல் கொண்டுபோனாள். கூரியர்காரர் மட்டும் தன் ஒற்றைக்கைச் சிப்பாயைத் திருப்பாமலே, முகம் பாலத்தைப் பார்த்தபடியே இருக்க, பின்னால் பின்னால் நகர்த்திக்கொண்டு போனார்.