படுத்துப் பார்க்க வேண்டிய படம்

1

இந்தக் கதை என் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான இடம் கிடைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தேடிப் பார்த்தேன். ஒரு பத்திரிகை ஆசிரியை, "அன்றாடம் மனசுக்குத் தெம்பு தர்ற மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க. பழைய நினைவு, கலை, நல்லதையே பாக்கறது, அந்த மாதிரி" என்று கேட்டிருந்தார். நானும் உட்கார்ந்து, "காலை வெயில் ஜன்னல் வழியாக மெல்ல" என்று ஆரம்பித்து

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். காலை வெயில் பட்டால் எனக்குத் தலைவலிதான் வரும்.)

இரண்டாவது தொடக்கம்: "ஓவியம் என்பது மனத்தின்". மனத்தின் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம். மூன்றாவதை யோசிப்பதற்குள் பல்வலி வந்துவிட்டது. என் அக்கா பல் டாக்டர். அவளிடம் போய் வாயைத் திறந்தேன்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். முக்கியமாக மூன்று பேர். மூத்தவள் அக்கா. நடுவில் நான், எழுதுகிறவள். கடைசியில் தம்பி, படம் வரைகிறவன். நாடக மேடைகளுக்குப் பின்திரை வரைவது அவன் தொழில். முப்பது அடித் துணியில் ஒரே நாளில் ஒரு காட்டை வளர்த்துவிடுவான். இரண்டு வருடங்களுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். கம்பி வைத்தார்கள், எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். கை சரியாகிவிட்டது என்று எலும்பு டாக்டரும் சொல்லிவிட்டார். கைக்குத்தான் அது தெரியவில்லை. தூரிகையைத் தொட்டால் நடுங்கும். அவன் ஒரு கூரியர் ஆபீசில் பார்சல்களுக்கு எண் ஒட்டப் போனான். அங்கே அந்தக் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்து நான் பலமுறை அழுதிருக்கிறேன்.

அக்கா அழுகிற ரகம் இல்லை, ஆறுதல் சொல்கிற ரகமும் இல்லை. "என் ரூம் சீலிங் பாக்க சகிக்கலடா. வெள்ளையடிக்கிறவன் வரேன் வரேன்னு ஏமாத்தறான். நீயாவது ஏதாவது பூசிக் குடு" என்றாள். பூசப் போனவன் நோயாளி நாற்காலியைத் துணியால் மூடி, அதற்கு மேல் பலகை கட்டி, பதினோரு நாள் அதில் நின்றான். பன்னிரண்டாம் நாள் எங்களைக் கூப்பிட்டு அறை வாசலில் நிறுத்தினான்.

மேலே எங்கள் சின்ன வயது வீட்டின் கொல்லைப்புறம். அப்பா நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்த்தவர். அந்தக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி, சுவரில் சாய்த்த சைக்கிள், நீளமாக ஒரு துணிக்கொடி. கொடியில் ஐந்து துணிகள்: அப்பாவின் நீலச் சீருடைச் சட்டை, ஆய்வகத்தில் வேலை பார்த்த அம்மாவின் வெள்ளைக் கோட்டு, எங்கள் மூவரின் பள்ளிச் சட்டைகள். தோளில் தடம் விழக் கூடாது என்று அம்மா எப்போதும் சட்டையின் கீழ் விளிம்பில்தான் கிளிப் போடுவாள். அதையும் மறக்காமல் வரைந்திருந்தான்.

(அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் கதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.)

வாசலில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் வாயாரப் புகழ்ந்தார்கள். தம்பிக்கு உயிர் வந்தது. நான்கு மாதத்தில் சின்னச் சின்ன வேலைகள் பிடித்தான். இப்போது ஒரு ஆஸ்பத்திரி, குழந்தைகள் பிரிவில் நாற்பது அடிச் சுவரைக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை ஆரம்பம்.

3

நான் போனது புதன்கிழமை. அக்கா நாற்காலியைச் சாய்த்தாள். வாயில் கண்ணாடி, உறிஞ்சுகுழாய், அவள் விரல்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சைக்கிள் வானத்தில் கிடந்தது. தண்ணீர்த் தொட்டி தலைகீழாகத் தொங்கியது.

நடந்தது இதுதான். தம்பி வாசலிலிருந்து பார்க்கிறவனாகவே நின்று வரைந்துவிட்டான். நாற்காலியோ வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. அதில் சாய்ந்தால் முழுப் படமும் தலைகீழ். வாசலில் நிற்கிற எவருக்கும் அது தெரியாது. படுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

நான் மேலே கையைக் காட்டி "ஆ, ஆ" என்றேன். அக்கா, வலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டாள்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: நான்கு மாதமாக ஒரு நோயாளிகூட இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். படம் தெரியும்போது வாய் திறந்திருக்கும், பேச முடியாது. எழுந்த பிறகு வாய் மரத்திருக்கும், அப்போதும் பேச முடியாது. மரப்பு விட்ட பிறகு பல் டாக்டரிடம் யாராவது திரும்பி வருவார்களா?)

4

அரை மணி நேரம் கழித்து, கோணிய வாயால் எப்படியோ சொல்லி முடித்தேன். அக்கா நம்பவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். சொந்த நாற்காலியில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை.

சீலிங்கையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என்னக்கா?"

"அப்பா சட்டை நேரா நிக்குதுடி."

அவளைத் தள்ளிக்கொண்டு நானும் ஒண்டிப் படுத்துப் பார்த்தேன். வீடு தலைகீழ்தான். ஆனால் கீழ் விளிம்பில் கிளிப் போட்டுத் தலைகீழாகத் தொங்கிய சட்டைகள், இப்போது கொடியின் மேல் நிமிர்ந்து நின்றன. கைகள் மேலே. அப்பா, அம்மா, அக்கா, நான், கடைசியில் குட்டிச் சட்டையாகத் தம்பி. ஐந்து பேரும் வரிசையாகக் கையைத் தூக்கி நின்றோம்.

[இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். தேவைப்படவில்லை.]

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடனே டாக்டராகவும் ஆகிவிட்டாள். "அவன்கிட்ட மூச்சு விடாதே. இப்பதான் கை எழுந்து நிக்குது. தப்பா வரைஞ்சிட்டேன்னு தெரிஞ்சா மறுபடியும் பார்சல் ஒட்டப் போயிடுவான்."

"நாமளா சொல்லாட்டி வேற யாராவது சொல்லிடுவாங்கக்கா. பாக்கறவங்ககிட்ட எல்லாம் 'எங்கக்கா க்ளினிக் போய்ப் பாருங்க'ன்னு சொல்லிட்டிருக்கான்."

"அப்ப நாற்காலியத் திருப்பிப் போட்டுடறேன்."

"அது தரையோட பொருத்தினது. தண்ணிக் குழாய் எல்லாம் அடியில போகுது."

"தரையக் கொத்தறேன்."

தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிடத் தரையைக் கொத்துவது அவளுக்குச் சுலபமாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

5

இந்த இடத்தில் ஒரு பஸ் ஓட்டுநர் வருகிறார். இவரை நான் கதைக்காகச் செய்துகொண்டேன் என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள். நானே சந்தேகப்பட்டேன், அவ்வளவு சௌகரியமாக வந்தார். மறுநாள் பல்லைக் காட்ட நான் மறுபடி போனபோது, காத்திருக்கும் அறையில் மூன்றாவது தடவைக்காக உட்கார்ந்திருந்தார். "மேல இருக்கற படத்தைக் கவனிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"அது எப்படிம்மா கவனிக்காம இருக்க முடியும். முதல் தடவை என்னடா இதுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா மனசுக்குள்ள நேராக்கிப் பாத்தேன். தொட்டிய நேராக்கினேன், சைக்கிள நேராக்கினேன். துணிக்கொடிக்கு வரும்போது டாக்டரம்மா முடிஞ்சுதுன்னுட்டாங்க. வேணும்னுதானே அப்படி வரைஞ்சிருக்காங்க?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அவர் கொஞ்சம் யோசித்து, "இப்பல்லாம் பஸ்ல எவனாவது சண்டைக்கு வந்தாலும், இவனத் திருப்பி வெச்சுப் பாத்தா எப்படி இருப்பான்னு தோணுது. கோபம் பாதி போயிடுது" என்றார்.

ஆசிரியை கேட்ட தெம்பு இதுதான் போலிருக்கிறது. கட்டுரையாக இருந்தால் இங்கே முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பேன்.

6

ஆனால் தம்பி இருக்கிறானே. அவனுக்காக மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவன் நாற்காலியில் படுத்து, விழுந்து விழுந்து சிரிக்கிறான். எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. படித்தபோது அது அவன் சிரிப்பு இல்லை, எனக்கு வேண்டிய சிரிப்பு என்று தெரிந்தது. கிழித்தேன்.

இரண்டாவதில் யாரும் சொல்லவில்லை. அவன் நாற்பது அடிச் சுவரை வரைந்து முடிக்கிறான், எல்லாரும் கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். அந்தப் பக்கத்தில் என் முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை.

மூன்றாவதில் அவன் படுத்துப் பார்க்கிறான், எழுகிறான், தூரிகைகளைக் காகிதத்தில் சுற்றி

முடிக்கவில்லை.

பிறகுதான் உறைத்தது. இந்தக் கதையை எழுதுவதே அவனிடம் சொல்வதுதான். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவன் அவன். இத்தனை நாள் ஒளித்துவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகக் கோள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, வாசகரே, உங்களிடம் இங்கே விடைபெறுகிறேன். இதை நீங்கள் அச்சில் படிக்கிறீர்கள் என்றால் அவன் சரி என்று சொல்லியிருக்கிறான். அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். இனி எழுதுவது ஒருவனுக்கு மட்டும்.

7

தம்பி, இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ கடைக்குப் போயிருக்கிறாய். வந்ததும் பார்க்கிற மாதிரி இந்தத் தாள்களை உன் மேசையில் வைக்கப் போகிறேன்.

நீ தப்பு செய்திருக்கிறாய். அது உன் கை செய்த தப்பு இல்லை. நாற்காலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்காமல் விட்டுவிட்டாய், அவ்வளவுதான். கோடுகளில் ஒன்றுகூட நடுங்கவில்லை. இதை நான் தலைகீழாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பெரியக்காவும் நானும் நான்கு நாளாக உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தது பாசத்தால் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம். நீ உடைந்துவிடுவாய் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அதற்காக என்னை மன்னித்துவிடு.

க்ளினிக் திறந்திருக்கிறது. அக்கா அங்கேதான் இருக்கிறாள். நீ மாற்றி வரைய நினைத்தால் இருக்கட்டும் என்று பலகையை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறாள். அப்படியே விட நினைத்தால் உள்ளே வைத்துவிடுவாள். முதலில் போய்ப் படுத்துப் பார். அக்கா வெளியே நிற்பாள், உள்ளே வர மாட்டாள்.

இதற்குக் கீழே ஒன்றரைப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். முடிவை நீ எழுது, வரை, இல்லை கிழித்துப் போடு. எதைச் செய்தாலும் வலது கையால் செய்.